சுஸ்பீரியாவின் சிவப்பு எங்கே இருக்கிறது?

தாரியோ அர்ஜென்டோ 1977-இல் கொண்டுவந்த ‘சுஸ்பீரியா’ படத்தின் மர்ம முடிச்சை அவிழ்ப்பது ஒரு நிறம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்துப் பாலே பள்ளிக்கு வரும் அமெரிக்க மாணவி சூஸி, வந்திறங்கிய இரவிலேயே ஒரு பெண் கொட்டும் மழையில் அந்தப் பள்ளியை விட்டு ஓடுவதைப் பார்க்கிறாள். அந்தப் பெண் வாசலில் நின்று கத்திய வார்த்தைகள் படம் முடியும் தறுவாயில்தான் சூஸிக்கு முழுதாக நினைவுக்கு வருகின்றன. சுவரில் இருக்கும் ஐரிஸ் பூக்களில் நீலப் பூவைத் திருப்ப வேண்டும். திருப்புகிறாள், மறைவாசல் திறக்கிறது. இதே காட்சியை, அந்தக் காலத்தில் வழக்கமாக இருந்த முறையில் அச்சிட்டு, நாற்பது ஆண்டுகள் சாதாரண அறை வெப்பத்தில் கிடந்த ஒரு பிரிண்டில் ஓட்டிப் பார்த்தால் அங்கே நீலப் பூ இருக்காது. ரோஸும் ஊதாவும் கலந்த ஏதோ ஒன்று இருக்கும். பக்கத்துப் பூக்களும் ஏறக்குறைய அதே சாயலுக்கு வந்திருக்கும். சூஸியின் கை ஏன் அந்தப் பூவுக்குப் போகிறது என்பதை வசனத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

உலகின் பல நகரங்களில் சிறிய அரங்குகள் இந்தப் படத்தை இன்றும் 35 மி.மீ பிலிமில், பழைய புரொஜக்டரில் ஓட்டுகின்றன. மூல நெகட்டிவிலிருந்து 4கே டிஜிட்டல் மீட்டமைப்பு 2017-இல் வெளிவந்த பின்பும் அந்தத் திரையிடல்கள் நிற்கவில்லை. கல்ட் படம் என்று பேர் வாங்கிவிட்ட ஒன்றின் ரசிகர்களுக்குப் பழசின் மேல் இருக்கும் மோகம் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். பல படங்களுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தவும் செய்யும். ‘சுஸ்பீரியா’வுக்குப் பொருந்தாது என்பது என் வாதம். இந்தப் படம் தன் பயத்தைக் கதையிடமோ நடிப்பிடமோ ஒப்படைக்காமல், ஒரு குறிப்பிட்ட முறையில் பிலிமில் ஏற்றப்பட்ட சாயத்திடம் ஒப்படைத்தது. அந்தச் சாயம் இருக்கும் பிரிண்ட்தான் படத்தின் நிறத்துக்கு நம்மிடம் மிஞ்சியிருக்கும் நேரடிச் சாட்சி. அதைத் திரையில் ஓட்டுவது சாட்சியை விசாரிப்பது ஆகும்.

முதலில் ஒரு கட்டுக்கதையை விலக்கிவிடலாம். மூன்று பிலிம்கள் ஒரே நேரத்தில் ஓடும் பழைய டெக்னிகலர் கேமராவில் இந்தப் படத்தை எடுத்தார்கள் என்று பலரும் எழுதிவருகிறார்கள். அந்தப் பெரிய கேமராக்கள் 1950-களின் நடுவிலேயே ஓய்வுபெற்றுவிட்டன. ஒளிப்பதிவாளர் லூசியானோ தோவோலி பயன்படுத்தியது அந்நாளில் எல்லோரும் பயன்படுத்திய ஈஸ்ட்மன் வண்ண நெகட்டிவ்தான். அர்ஜென்டோ அவருக்கு முன்மாதிரியாகக் காட்டியது டிஸ்னியின் 1937-ஆம் ஆண்டு கார்ட்டூன் படமான ‘ஸ்னோ ஒயிட்’. அது ஒவ்வொரு ஓவியத்தையும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே மூன்று முறை படமெடுத்து உருவாக்கிய டெக்னிகலர் படம். ஓவியத்தில் கிடைக்கும் அந்தக் கெட்டியான நிறத்தை உயிருள்ள முகத்தில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் தோவோலிக்கு வந்த சவால். அவர் சக்திவாய்ந்த ஆர்க் விளக்குகளுக்கு முன்னால் வண்ண வெல்வெட் துணியையும் மெல்லிய தாளையும் விரித்து, அவற்றை நடிகர்களின் முகத்துக்கு மிக அருகே கொண்டுவந்தார். ஒளி வடிகட்டப்பட்டு, ஏறக்குறைய ஒரே நிறமாக முகத்தில் விழுந்தது. இவ்வளவும் பாதி வேலைதான். மீதிப் பாதி ரோம் நகரத்து டெக்னிகலர் லேபில் நடந்தது.

அங்கே நடந்த டை டிரான்ஸ்ஃபர் முறை, புகைப்படத் தொழிலைவிட அச்சுத் தொழிலுக்கே நெருக்கமானது. வண்ண நெகட்டிவிலிருந்து மூன்று நிற வடிகட்டிகள் வழியே மூன்று தனிப் பிலிம்களில் பிம்பத்தைப் பதிப்பார்கள். இவற்றுக்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். ஒளி பட்டு டெவலப் ஆகும் இடத்தில் ஜெலட்டின் இறுகும், மற்ற இடத்தில் இறுகாது. வெந்நீரில் அலசினால் இறுகாத பகுதி கரைந்து போய், மேடும் பள்ளமுமான ஒரு மெல்லிய ஜெலட்டின் படிவம் மிஞ்சும். மேடு எவ்வளவு தடிப்போ அவ்வளவு சாயம் குடிக்கும். சிவப்பு வடிகட்டியில் எடுத்த மேட்ரிக்ஸைச் சியான் என்ற பச்சை கலந்த நீலச் சாயத்திலும், பச்சை வடிகட்டியில் எடுத்ததை மஜெந்தாவிலும், நீல வடிகட்டியில் எடுத்ததை மஞ்சளிலும் முக்குவார்கள். பிறகு மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, பிம்பம் இல்லாத ஒரு பிலிமின் மேல் அழுத்துவார்கள். துணிக்கு அச்சு வைப்பவர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி மரக்கட்டை வைத்து விளிம்பு பிசகாமல் ஒற்றுவதைப் போன்ற வேலை இது. மயிரிழை விலகினாலும் திரையில் உருவங்களின் ஓரத்தில் வண்ணக் கசிவு தெரியும் என்பதால், பிலிமின் துளைகளில் பொருந்தும் ஊசிகள் கொண்ட உலோகப் பட்டையின் மேல் வைத்தே ஒற்றினார்கள். ஒரு மேட்ரிக்ஸை மீண்டும் மீண்டும் சாயத்தில் முக்கி நூற்றுக்கணக்கான பிரிண்டுகள் போடலாம். அதைவிட முக்கியம், மூன்று நிறங்களும் மூன்று தனி மேட்ரிக்ஸில் இருப்பதால் ஒவ்வொன்றின் அழுத்தத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடியும். ‘சுஸ்பீரியா’வின் நிறம் முடிவானது இந்த மேசையில்தான்.

இந்த முறையை இத்தாலிக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். நம் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ கேவாகலரில் எடுக்கப்பட்டு, லண்டன் டெக்னிகலர் லேபில் அச்சாகி 1959-இல் வந்த படம். நெகட்டிவ் ஒரு நிறுவனத்தின் வேதியியல், பிரிண்ட் இன்னொரு நிறுவனத்தின் சாயம் என்ற அதே ஏற்பாடு.

வழக்கமான ஈஸ்ட்மன்கலர் பிரிண்டில் சாயம் வெளியிலிருந்து வருவதில்லை. பிலிமின் அடுக்குகளில் கப்ளர் எனப்படும் சேர்மங்கள் முன்பே கலந்திருக்கும். டெவலப் செய்யும்போது வெள்ளி உப்புடன் வினைபுரிந்து ஆக்சிஜனேற்றம் அடைந்த டெவலப்பர் இவற்றுடன் சேர்ந்து, அந்த இடத்திலேயே சாயத்தை உண்டாக்கும். பிறகு வெள்ளியைக் கரைத்து நீக்கிவிடுவார்கள். மலிவான, வேகமான முறை. ஆனால் பிலிமுக்குள் உருவாகி, கரையாமல், ஓடாமல், சரியான நிறத்திலும் அமைய வேண்டும் என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் அந்தச் சாயத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். நீடித்து நிற்பது அந்தப் பட்டியலில் பின்னுக்குப் போய்விட்டது. குறிப்பாக அக்காலச் சியான் சாயம், பிலிமை டப்பாவில் மூடி இருட்டில் வைத்தாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்துவிடும். சியான் போனால் மிஞ்சுவது மஜெந்தாவும் கொஞ்சம் மஞ்சளும். பழைய படங்கள் ரோஸ் நிறத்துக்கு மாறிப்போவது இதனால்தான். இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி 1980 வாக்கில் இதை எதிர்த்து வெளிப்படையாகப் போராட்டம் நடத்திய பிறகு, கோடாக் நிறுவனம் நிறம் நிலைக்கும் பிரிண்ட் பிலிம்களைக் கொண்டுவந்தது. டை டிரான்ஸ்ஃபருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சாயத்தை வெளியில் தயாரித்து ஏற்றுவதால், நிலைத்து நிற்கும் சாயங்களையே தேர்ந்தெடுக்க முடிந்தது. 1950-களின் டெக்னிகலர் பிரிண்டுகள் இன்றும் நிறம் குன்றாமல் இருப்பது ஆவணக்காப்பகங்களில் கண்கூடு.

எல்லாப் பழைய வண்ணப் படங்களுக்கும் இது பொருந்துமே, ‘சுஸ்பீரியா’வுக்கு மட்டும் என்ன தனி என்று கேட்கலாம். என் வாதத்தின் மையம் இந்தக் கேள்விதான். சாதாரண வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் மூன்று சாயங்களும் பிம்பத்தைப் பங்குபோட்டுச் சுமக்கின்றன. முகத்தின் நிழல், சட்டை மடிப்பு, சுவரின் விரிசல் எல்லாம் மூன்றிலும் இருக்கும். ஒன்று மங்கினால் நிறம் கெடும், உருவம் கெடாது. அர்ஜென்டோவின் காட்சிகளில் அப்படி இல்லை. விடுதி அறைகளில் கூரையிலிருந்து புழுக்கள் விழுந்த இரவில், மாணவிகள் எல்லோரும் பயிற்சிக் கூடத்தில் வெள்ளைத் துணித் திரைகளுக்கு நடுவே படுக்கிறார்கள். விளக்கை அணைத்ததும் கூடம் முழுவதும் சிவப்பாகிறது. துணிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் வந்து படுக்கிறார். அவருடைய நிழலுருவமும், விசித்திரமான குறட்டையும்தான் நமக்குக் கிடைப்பவை. பள்ளியின் தலைவி இங்கேயே, இவர்களுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள் என்ற பயம் அந்த ஒரு கறுப்பு உருவத்தில் இருக்கிறது.

இந்தக் காட்சி பிலிமில் எப்படிப் பதிந்திருக்கும் என்று பாருங்கள். அறையில் இருப்பது சிவப்பு ஒளி மட்டும். எனவே பிரிண்டில் மஜெந்தாவும் மஞ்சளும் சட்டம் முழுவதும் அடர்த்தியாக, ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் சிவப்பு. எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்ற வேறுபாட்டைச் சொல்வது மூன்றாவது சாயமான சியான் மட்டுமே. துணியில் அது இருக்காது, அதனால் துணி சிவப்பாகத் தெரியும். நிழலுருவத்தில் அது அடர்த்தியாக இருக்கும், அதனால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். இப்போது சியானை எடுத்துவிடுங்கள். கறுப்பு சிவப்பாகிறது, உருவம் துணிக்குள் கரைகிறது. ஒரு சாயம் மங்கியதால் நிறம் கெடவில்லை, காட்சியில் இருந்த ஆளே காணாமல் போய்விட்டாள். நீல ஒளியில் எடுத்த காட்சிகளில் வேறு விதமான இழப்பு. அங்கே உருவ விவரத்தைச் சுமப்பது மஞ்சள் சாயம், ஆகவே உருவம் தப்பிக்கும். ஆனால் நீலம் என்பதே சியானும் மஜெந்தாவும் சேர்ந்தது என்பதால், குளிர்ந்து கிடந்த நீலம் ரோஸாகிவிடும். ஐரிஸ் பூவுக்கு நேர்வது இதுதான். ஒவ்வொரு காட்சியின் முழுப் பாரத்தையும் ஒரே ஒரு சாயத்தின் தலையில் ஏற்றிய படம் இது. அவ்வளவு பாரத்தைத் தாங்கி, ஆண்டுகள் கடந்தும் நிற்கக்கூடிய சாயம் அன்று ஒரு முறையில்தான் இருந்தது. ஹாலிவுட்டில் அந்த முறை 1970-களின் நடுவில் நின்றுபோனது, லண்டனில் 1978-இல், ரோமில் அதற்குச் சற்றுப் பின்னால். இந்தப் படம் கதவு மூடுவதற்குள் உள்ளே நுழைந்த கடைசிப் படங்களில் ஒன்று.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மனிதக் கண்ணில் நிறம் பார்ப்பதற்கு மூன்று வகைக் கூம்பு செல்கள்தான் இருக்கின்றன. அவை மூன்றையும் ஒரே அளவில் தூண்டும் இரண்டு ஒளிகள், அலைநீளக் கலவையில் எவ்வளவு வேறுபட்டாலும், நமக்கு ஒரே நிறம்தான். அப்படியானால் சாயத்தின் சிவப்பை டிஜிட்டல் புரொஜக்டரின் சிவப்பால் ஈடுசெய்யலாமே? பெரும்பாலும் செய்யலாம். வெளிச்ச அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. டிஜிட்டல் அரங்கில் முழு வெள்ளை சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா, பிலிம் அரங்கின் தரம் சுமார் 55. அடர்ந்த சாயத்தில் மட்டும் ஒரு சிக்கல் எழுகிறது. ஒளியைக் கூட்டி நிறம் உண்டாக்கும் டிஜிட்டல் முறை, நிறத்தின் உச்சச் செறிவைப் பிரகாசத்தில் காட்டுகிறது. ஒளியைத் தடுத்து நிறம் உண்டாக்கும் சாயமோ, அடர்த்தி கூடக் கூட இருளும்போதே செறிவையும் கூட்டுகிறது. இருண்ட, அதே நேரத்தில் கெட்டியான பச்சையும் நீலமும் அதற்கு இயல்பாக வரும். ‘சுஸ்பீரியா’ வாழ்வது அந்த இருண்ட மூலையில்தான். ஆனாலும் இந்த வேறுபாட்டின் மேல் என் வாதத்தை முழுதாகச் சாய்க்க மாட்டேன். கருவிகள் முன்னேறிக்கொண்டிருக்கின்றன, இந்த இடைவெளி ஒருநாள் மறையும். எந்தச் சிவப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று டிஜிட்டல் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும் என்பதே பெரிய கேள்வி.

நெகட்டிவைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். நெகட்டிவில் இருப்பது முடிவு அல்ல, முடிவுக்கான மூலப்பொருள். மேட்ரிக்ஸ் எடுக்கும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் எவ்வளவு ஒளி, எவ்வளவு அழுத்தம் என்று லேபில் எடுத்த தீர்மானம் நெகட்டிவில் பதிவதில்லை. போதாக்குறைக்கு அந்த நெகட்டிவும் கப்ளர் முறையில் சாயம் உண்டான பிலிம்தான், அதுவும் வயதாகிறது. சரி, ஒளிப்பதிவாளரைக் கேட்கலாமே? 2017 மீட்டமைப்பைத் தோவோலியே மேற்பார்த்தார், அவருடைய கண்ணுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் படைப்பாளியின் நினைவு ஒரு சான்று மட்டுமே, இறுதித் தீர்ப்பு ஆகாது. வில்லியம் ஃப்ரீட்கின் தன் ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்தை 2009-இல் புளூ-ரேயில் கொண்டுவந்தபோது நிறத்தை வெளிறச் செய்து மாற்றினார். அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் தான் எடுத்தது இது இல்லை என்று பகிரங்கமாக எதிர்த்தார். சில ஆண்டுகளில் நிறம் திருத்தப்பட்ட வேறு பதிப்பு வந்தது. ‘அபோகலிப்ஸ் நௌ’ படத்தை எடுத்த விட்டோரியோ ஸ்டொராரோ, வீட்டுத் திரைக்கான பதிப்புகளில் தன் சட்டத்தின் ஓரங்களையே பிற்பாடு வெட்டிக் குறைத்தார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. மனிதர் மாறுகிறார், ரசனை மாறுகிறது. அச்சான நாளில் பிலிமில் ஏறிய சாயம் மட்டும் அப்படி மனம் மாறுவதில்லை.

சாட்சிக்கும் குறைகள் உண்டு. டை டிரான்ஸ்ஃபர் பிரிண்டுகள் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருந்ததில்லை. சாயத் தொட்டியின் நிலை, ஓடும் வேகம் எல்லாம் நிறத்தைச் சிறிது மாற்றும். சாயம் ஜெலட்டினில் லேசாகப் பரவுவதால் கூர்மை சற்றுக் குறைவு. புரொஜக்டரில் கார்பன் ஆர்க் எரிந்ததா செனான் விளக்கு எரிந்ததா என்பதைப் பொறுத்தும் வெள்ளை மாறும். ஆகவே ஒரே ஒரு பிரிண்டைப் பார்த்துவிட்டு இதுதான் அசல் என்று அடித்துச் சொல்பவரை நான் ஏற்கமாட்டேன். கீறல், தூசு, நொடிக்கு 24 சட்டங்களை 48 மினுக்குகளாகக் காட்டும் புரொஜக்டரின் துடிப்பு ஆகியவற்றின் மேல் உள்ள பிரியமும் என் வாதத்தில் சேராது. அதே நேர்மையோடு, படத்தின் பயத்தில் ஒரு பகுதி பிலிம் இல்லாமலும் உயிர் பிழைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நம் கண்ணின் லென்ஸ் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக வளைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நிறமாலையின் இரு முனைகளுக்கும் இடையே குவியத்தில் சுமார் 2 டயாப்டர் வித்தியாசம். சிவப்பு முகத்துக்குப் பின்னால் நீலச் சுவர் நின்றால் கண்ணால் இரண்டையும் ஒருசேரக் கூர்மையாகப் பிடிக்க முடியாது. பலருக்குச் சிவப்பு முன்னே மிதப்பதுபோலவும் தோன்றும். விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் வரும்போது சூஸியின் முகத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வழியும் அந்த நிலைகொள்ளாமை ஓரளவு நம் கண்ணில் உண்டாவது. அதைக் கைபேசியிலும் உணரலாம்.

பிரிண்ட் அவ்வளவு அரிது என்றால் ஏன் ஓட்டித் தேய்க்க வேண்டும், ஒரு முறை ஸ்கேன் செய்து எண்களாக வைத்துக்கொண்டால் போதாதா என்பது இன்னொரு மறுப்பு. ஸ்கேனரின் சென்சார் கண் அல்ல. இன்றைய பிலிம் ஸ்கேனர்கள் பெரும்பாலும் கப்ளர் முறைச் சாயங்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. டெக்னிகலர் சாயங்கள் ஒளியை உறிஞ்சும் அலைநீளங்கள் சற்று வேறு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்களைச் சென்சார் வேறாகவும், வேறாகத் தெரிபவற்றை ஒன்றாகவும் படித்துவிடக்கூடும். ஜூரிக் பல்கலைக்கழகத்தின் பார்பரா ஃப்ளூக்கிகர், பழைய திரைப்பட வண்ண முறைகளை விரிவாக ஆவணப்படுத்தியவர். அவருடைய குழு ஒளியைப் பல அலைநீளப் பட்டைகளாகப் பிரித்து அளக்கும் ஸ்கேனிங்கில் இறங்கியதற்குக் காரணம் இதுதான். அப்படி அளந்த எண்களையும் கடைசியில் எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? இருட்டு அரங்கில், சரியான விளக்கில், அந்தப் பிரிண்ட் திரையில் விழும்போது கண் காண்பதோடுதான். பொதுமக்களுக்கான திரையிடலில் பல நூறு கண்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஒரே வாரத்தில் மீட்டமைப்பையும் பிரிண்டையும் அடுத்தடுத்துக் காட்டும் அரங்குகள், சினிமா வரலாற்றுக்கு ஒரு லேபைவிடக் குறைவில்லாத சேவை செய்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

இந்த ஒப்பீட்டுக்குக் காலவரம்பு உண்டு. சாயம் நிலைத்தாலும் அதைத் தாங்கும் பிலிம் நிலைக்காது. 1977-இல் பிரிண்டுகள் செல்லுலோஸ் அசிடேட் பிலிமில் போடப்பட்டன. ஈரமும் வெப்பமும் பட்டால் அசிடேட் சிதைந்து அசிடிக் அமிலத்தை வெளிவிடும், அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கும். பிலிம் சுருங்கி வளையும், துளைகளின் இடைவெளி மாறும், புரொஜக்டரின் பற்களில் பொருந்தாது. 21 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதத்தில் புதிய அசிடேட் பிலிமுக்குச் சிதைவு தொடங்கச் சுமார் 40 ஆண்டுகள் ஆகும் என்பது காப்பகத் துறையில் பயன்படும் கணக்கு. குளிர் அறையில் அது பல மடங்கு நீளும். ‘சுஸ்பீரியா’ பிரிண்டுகளில் பல, குளிர் அறையைப் பார்க்காமல் வினியோகஸ்தர் கிடங்குகளிலும் மூடிய தியேட்டர்களிலும் கிடந்தவை. அவற்றின் 40 ஆண்டு 2017-லேயே முடிந்துவிட்டது. புதிதாக ஒன்று அச்சிடவும் வழியில்லை. ரோம் லேபின் இயந்திரங்கள் நின்றுவிட்டன. லண்டன் முறையை வாங்கிய பெய்ஜிங் லேப் 1990-களின் தொடக்கம் வரை ஓட்டி நிறுத்தியது. ஹாலிவுட்டில் 1997 வாக்கில் புத்துயிர் பெற்ற முயற்சியும் சில ஆண்டுகளில் முடிந்தது. இன்று பல்சக்கரத்தில் பொருந்தி ஓடும் நிலையில் இருக்கும் ஒவ்வொரு டை டிரான்ஸ்ஃபர் பிரிண்டையும், ஓடும் நிலையில் இருக்கும்போதே திரையிலும் அளவுகருவியிலும் ஒருசேரப் பார்த்துக் குறித்துக்கொண்டாக வேண்டும்.